புற்றுநோய்க்குக் கணக்கு எழுதியவர்கள்

"முன்னெல்லாம் இவ்வளவு கேன்சர் கிடையாது."

இந்த வாக்கியத்தைக் கல்யாண வீட்டிலும் கேட்டிருப்பீர்கள், துக்க வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். சொல்பவர் நிறுத்தாமல் பூச்சி மருந்து, பிளாஸ்டிக், செல்போன் டவர் என்று காரணங்களையும் அடுக்கிவிடுவார். அந்தக் காரணங்களுக்குப் போவதற்கு முன்னால் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். முன்னெல்லாம் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று எண்ணியது யார்? எப்படி எண்ணினார்கள்?

நான் படிப்பது பி.காம். மருத்துவத்துக்கும் எனக்கும் ரொம்ப தூரம். ஆனால் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் கடைசியில் வந்து நிற்கிற இடம் பேரேடும் சரிகட்டும் பட்டியலும்தான். அதனால் இதை எழுத எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன் :-)

இறந்தவர்களை மட்டும் எண்ணிய காலம்

ஆரம்பத்தில் எண்ணுவதற்குக் கையில் கிடைத்தது இறப்புக் குறிப்புகள் மட்டும்தான். இத்தாலியின் வெரோனா நகரத்தில் டொமினிகோ ரிகோனி ஸ்டெர்ன் என்ற மருத்துவர் இருந்தார். 1760 முதல் 1839 வரை அந்த ஊரில் நடந்த மரணங்களின் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, புற்றுநோயால் இறந்தவர்களைத் தனியாகப் பிரித்து, 1842-ல் முடிவுகளை வெளியிட்டார். கருப்பைப் புற்றுநோய் கல்யாணமான பெண்களிடம் அதிகம், கன்னியாஸ்திரிகளிடம் அரிது. மார்பகப் புற்றுநோய் கன்னியாஸ்திரிகளிடம்தான் அதிகம்.

ஏன் என்று அவருக்குத் தெரியாது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் உடலுறவு வழியாகப் பரவும் பாப்பிலோமா வைரஸுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த ஹாரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மைக்ராஸ்கோப் எதுவும் இல்லாமல், பழைய இறப்புப் புத்தகங்களைப் புரட்டிய ஒருவர் அதற்கு நூற்றைம்பது வருஷம் முன்பே அந்தத் தடத்தைத் தொட்டுவிட்டார்.

ஆனாலும் மரணக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நோய் வந்து பிழைத்தவர் அதில் வரமாட்டார். நோயோடு பத்து வருஷம் வாழ்ந்து வேறு எதிலோ இறந்தவரும் வரமாட்டார். சிகிச்சை நன்றாக நடக்கிற ஊரில் மரணம் குறையும், அதை வைத்து நோய் வருவதே குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆகவே எண்ண வேண்டியது வேறு: ஓர் ஊரில், ஓர் ஆண்டில், 1 லட்சம் பேரில் எத்தனை பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது? இதைத்தான் நிகழ்வு வீதம் என்கிறார்கள். கேட்க எளிது. இந்த எண்ணைச் சரியாக எடுக்கப் பல தலைமுறைகள் பிடித்தன.

அக்டோபர் 15, 1900

பெரிய அளவில் முயன்று பார்த்தது ஜெர்மனி. எர்ன்ஸ்ட் ஃபான் லெய்டன் தலைமையில் பெர்லினில் ஒரு குழு அமைந்தது. நாட்டில் உள்ள ஒவ்வொரு மருத்துவருக்கும் ஒரு கேள்வித்தாள் தபாலில் போனது. "1900 அக்டோபர் 15 அன்று உங்கள் சிகிச்சையில் இருக்கும் புற்றுநோயாளிகள் எல்லோரையும் பற்றி எழுதி அனுப்புங்கள்" என்பதுதான் சாரம்.

என்ன ஆச்சு? பாதிக்குச் சற்றுக் கூடுதலான தாள்கள்தான் திரும்பி வந்தன. 1902-க்கும் 1908-க்கும் இடையில் நெதர்லாந்து, ஸ்பெயின், போர்ச்சுகல், ஹங்கேரி, ஸ்வீடன், டென்மார்க், ஐஸ்லாந்து என்று பல நாடுகள் இதே மாதிரி எண்ணிப் பார்த்தன. எதிலும் நம்பி முடிவெடுக்கும்படியான எண் கிடைக்கவில்லை.

தாள் திரும்பி வராதது ஒரு பிரச்சினை. கணக்குப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் கண்ணில் படும். அக்டோபர் 15 அன்று எத்தனை பேர் என்று கேட்பது இருப்புநிலைக் குறிப்பு. ஒரு குறிப்பிட்ட தேதியில் கல்லாவில் எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லும். வருஷம் முழுக்க எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று தெரிய வேண்டுமானால் இலாப நட்டக் கணக்கு வேண்டும். ஒரே நாளில் எண்ணினால் நோயோடு நீண்ட நாள் வாழ்பவர்கள் அதிகமாகவும், நோய் வந்து சில வாரங்களில் இறந்தவர்கள் மிகக் குறைவாகவும் சிக்குவார்கள். கையில் உள்ள இருப்பு பெரிதாக இருப்பதற்கு வரவு அதிகம் என்பது காரணமாக இருக்கலாம், செலவு குறைவு என்பதும் காரணமாக இருக்கலாம். நோயிலும் அப்படியே. அடிக்கடி வருகிற நோயா, மெதுவாகக் கொல்கிற நோயா என்பதை ஒரு நாள் கணக்கு பிரித்துக் காட்டாது.

அப்படியானால் தேவைப்பட்டது ஒருநாள் எண்ணிக்கை அல்ல. தினமும் எழுதப்படும் ஒரு நாளேடு.

மூன்று நர்சுகள்

அந்த நாளேட்டை முதலில் திறந்த ஊர் அதே ஜெர்மனியில் உள்ள ஹாம்பர்க். ஆண்டு 1926. புற்றுநோய் என்பது டாக்டருக்கும் நோயாளிக்கும் இடையில் மட்டும் முடிந்துபோகும் சமாச்சாரம் இல்லை, நகரத்தின் பொதுச் சுகாதாரமும் பொருளாதாரமும் அதில் இருக்கின்றன என்ற எண்ணத்தில் தொடங்கிய ஏற்பாடு அது.

இந்த முறை தபாலை நம்பவில்லை. மூன்று நர்சுகளை வேலைக்கு வைத்தார்கள். அவர்கள் ஆஸ்பத்திரிகளுக்கும் தனி மருத்துவர்களிடமும் முறை வைத்துப் போனார்கள். புதிதாக வந்த புற்றுநோயாளிகளின் பெயர்களைக் குறித்துக்கொண்டு வந்து சுகாதாரத் துறையில் இருந்த மையப் பட்டியலில் சேர்த்தார்கள். வாரம் ஒருமுறை அந்தப் பட்டியலை அரசாங்க இறப்புச் சான்றிதழ்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1929-ல் இதற்கு அதிகாரபூர்வ அந்தஸ்து கிடைத்தது.

கடைசி வேலையைக் கவனித்தீர்களா? நம் ரொக்க ஏட்டையும் வங்கி அனுப்பும் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் அடிப்போமே, அதே வேலை! புற்றுநோயால் இறந்தார் என்று சான்றிதழ் சொல்கிறது, ஆனால் நம் பட்டியலில் பெயர் இல்லை. அப்படியென்றால் எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது, தேடு. இன்றும் ஒரு பதிவேடு எவ்வளவு முழுமையானது என்று மதிப்பிட, இறப்புச் சான்றிதழ் மூலம் மட்டுமே தெரியவந்தவர்கள் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார்கள்.

1900-ல் ஒரு சாம்ராஜ்யமே கடிதம் எழுதிக் கிடைக்காத எண்ணை 1926-ல் மூன்று பெண்கள் நடந்து போய் வாங்கி வந்தார்கள். நான் இந்த வரலாற்றில் படித்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

டென்மார்க் திறந்த கணக்கு

ஹாம்பர்க் ஒரு நகரம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1941-ல் பதிவைத் தொடங்கி, 1935 வரை பின்னோக்கிப் போய்ப் பழைய நோயாளிகளையும் சேர்த்தது. முழு நாட்டுக்கும் கணக்குத் திறந்தது டென்மார்க். 1942 மே மாதம், டென்மார்க் புற்றுநோய் சங்கத்தின் ஆதரவில் தொடங்கினார்கள். அப்போது நாடு ஜெர்மன் ராணுவத்தின் பிடியில் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். யொஹன்னஸ் கிளெமெசன் அதற்குத் தலைமை ஏற்றார். 1987 வரை அங்கே மருத்துவர்கள் தாமாக முன்வந்துதான் தகவல் கொடுத்தார்கள், அதன் பிறகுதான் அது கட்டாயம் ஆனது. இன்றும் இயங்கும் தேசியப் பதிவேடுகளில் மூத்தது அதுதான்.

இப்படி நீண்ட காலம் விடாமல் எழுதிய கணக்கினால் என்ன லாபம்? நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் சொல்கிறேன். செல்போன் பேசினால் மூளையில் கட்டி வருமா என்ற பயம் எல்லா ஊரிலும் உண்டு. டென்மார்க்கில் 1982 முதல் 1995 வரை செல்போன் இணைப்பு வாங்கிய 4,20,095 பேரின் பட்டியலை எடுத்து, புற்றுநோய்ப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். 2006-ல் முடிவு வெளியானது: செல்போன் வாங்கியவர்களிடம் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அந்தப் போன் வருவதற்கு நாற்பது வருஷம் முன்பே தொடங்கிய ஏடு அது. யாரும் அந்தக் கேள்வியை மனதில் வைத்து ஆரம்பிக்கவில்லை.

1946-ல் கோபன்ஹேகனில் 12 நிபுணர்கள் கூடி, உலகம் முழுவதும் இப்படிப் பதிவேடுகள் வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். 1950-களில் நார்வே, பின்லாந்து, ஸ்வீடன் எல்லாம் வரிசையாகச் சேர்ந்தன.

வயதைக் கழிக்காமல் ஒப்பிடாதே

ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்க் கணக்கு வந்ததும் ஒப்பிட ஆசை வரும். இங்கேதான் சிக்கல். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம்.

இரண்டு ஊர்கள், இரண்டிலும் 1 லட்சம் பேர். இரண்டிலும் இளையவர்களுக்கு லட்சத்துக்கு 20 பேர், முதியவர்களுக்கு லட்சத்துக்கு 500 பேர் வீதம் நோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஊரில் இளையவர் 80,000, முதியவர் 20,000. நோயாளிகள் 16 + 100 = 116. இரண்டாவது ஊரில் இளையவர் 60,000, முதியவர் 40,000. நோயாளிகள் 12 + 200 = 212.

ஒரே வயதுக்காரருக்கு இரண்டு ஊரிலும் ஆபத்து ஒன்றுதான். ஆனால் மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டாவது ஊரில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! தண்ணீரைக் குறை சொல்வார்கள், பக்கத்துத் தொழிற்சாலையைக் குறை சொல்வார்கள். அந்த ஊரில் வயதானவர்கள் அதிகம் என்பதைத் தவிர வேறு ஒரு காரணமும் இல்லை.

இதைத் தீர்க்க எல்லா ஊருக்கும் பொதுவான ஒரு மாதிரி மக்கள்தொகையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஊரின் வயதுவாரி வீதத்தையும் அதில் பொருத்திப் பார்ப்பார்கள். 1960-ல் ஜப்பானின் மிட்சுவோ செகி அப்படி ஒரு மாதிரியை முன்வைத்தார். 1966-ல் ரிச்சர்ட் டோல் அதைக் கொஞ்சம் மாற்றினார். புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவை 1950-ல் எழுதிய அதே டோல்தான். அந்த 1966-ல்தான் ஐந்து கண்டங்களின் நிகழ்வு வீதங்களையும் ஒன்றாக வைத்த தொகுப்பின் முதல் பாகம் வெளிவந்தது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. "முன்னெல்லாம்" மனிதர்கள் சராசரியாக இன்றைக்கு வாழ்கிற அளவுக்கு வாழவில்லை. புற்றுநோய் பெரும்பாலும் வயதானபின் வருவது. அந்த வயதை எட்டுபவர்கள் கூடும்போது நோயாளிகளும் கூடுவார்கள். இதைக் கழித்த பிறகு மிஞ்சும் உயர்வுக்குத்தான் நாம் காரணம் தேட வேண்டும்.

பம்பாயும் சென்னையும்

இந்தியாவில் முதல் பதிவேடு 1963-ல் பம்பாயில் இந்தியப் புற்றுநோய் சங்கம் தொடங்கியது. பின்னால் இருந்தவர் டாக்டர் டி. ஜே. ஜுஸ்ஸாவாலா. பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981 டிசம்பரில் தேசியப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது பம்பாயோடு பெங்களூரும் சென்னையும் சேர்ந்தன. சென்னையில் பொறுப்பு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வந்தது.

"அடையாறில் எவ்வளவு கூட்டம் தெரியுமா, அதைப் பார்த்தாலே தெரியவில்லையா?" என்று கேட்கலாம். அந்தக் கூட்டம் சென்னையின் கூட்டம் மட்டும் இல்லை. ஆந்திராவிலிருந்தும் மற்ற மாவட்டங்களிலிருந்தும் ரயிலேறி வந்தவர்களும் அதில் உண்டு. சென்னைவாசிகள் பலர் வேறு ஆஸ்பத்திரிகளிலும் இருப்பார்கள். கீழே வகுக்கிற எண் சென்னை மக்கள்தொகை என்றால், மேலே எண்ணப்படுகிறவரும் சென்னைவாசியாக இருக்க வேண்டும். ஆகவே பதிவேடுகளுக்கு விதிகள் உண்டு. குறைந்தது ஒரு வருஷம் அந்த எல்லைக்குள் குடியிருந்திருக்க வேண்டும். ஒரே ஆள் மூன்று ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஒரு தடவைதான் கணக்கு. மார்பில் தொடங்கிய புற்று எலும்புக்குப் பரவினால் அது புது நோய் இல்லை. அதே ஆளுக்குப் பிற்பாடு வேறொரு உறுப்பில் தனியாகப் புற்று வந்தால் அது புதுக் கணக்கு.

நம் நாட்டில் எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாகப் புற்றுநோயை அரசுக்குத் தெரிவிக்கச் சொல்லும் மத்தியச் சட்டம் கிடையாது. அதனால் சென்னைப் பதிவேட்டின் ஊழியர்கள் ஹாம்பர்க் நர்சுகளைப் போலவே ஆஸ்பத்திரி, நர்சிங் ஹோம், பரிசோதனைக் கூடம் என்று நேரில் போய்த்தான் எடுக்கிறார்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளையும் ஒப்பிடுகிறார்கள். நம் ஊர் இறப்புச் சான்றிதழில் "இதயம் நின்றது" என்று எழுதியிருக்கும் (யாருக்குத்தான் நிற்காது?). ஆகவே புற்றுநோய் என்று எழுதிய சான்றிதழ்களை மட்டும் பார்த்தால் போதாது, மற்ற மரணங்களிலும் தேட வேண்டியிருக்கிறது.

இப்படி 1982 முதல் எழுதியதால்தான் சில விஷயங்களை நிச்சயமாகச் சொல்ல முடிகிறது. தொடக்க ஆண்டுகளில் சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். அது தொடர்ந்து குறைந்து, மார்பகப் புற்றுநோய் முதலிடத்துக்கு வந்துவிட்டது. "எல்லாப் புற்றுநோயும் கூடிவிட்டது" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் இந்த இறக்கம் நம் கண்ணில் படவே படாது.

ஆஸ்பத்திரியே இல்லாத இடத்தில்

எங்கள் அம்மாச்சியின் அக்கா கிராமத்திலேயே இருந்து கிராமத்திலேயே போய்ச் சேர்ந்தவர். வயிற்றில் கட்டி என்று வீட்டில் சொல்வார்கள். எந்த டாக்டரும் பார்க்கவில்லை, எந்த ஏட்டிலும் அவர் பெயர் இல்லை. அவரைப் போன்றவர்கள் விட்டுப்போன ஒரு கணக்கில் கிராமத்துக்குப் புற்றுநோய் குறைவு என்று வந்தால் நான் எப்படி நம்புவது?

இந்தக் கேள்வியை நேராகச் சந்தித்த இடம் மகாராஷ்டிராவில் பார்சி. 1987-ல் நாட்டின் முதல் கிராமப்புறப் பதிவேடு அங்கே தொடங்கியது. நோயாளிகளே ஆஸ்பத்திரிக்கு வராத இடத்தில் ஆஸ்பத்திரி ஏட்டைப் பார்த்து என்ன பிரயோஜனம்? களப்பணியாளர்கள் ஊர் ஊராகப் போனார்கள். கூட்டம் போட்டு, என்னென்ன அறிகுறி வந்தால் கவனிக்க வேண்டும் என்று பேசினார்கள். அறிகுறி உள்ளவர்களைப் பார்சி ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள்.

பிறகு நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். கருப்பை வாய்ப் புற்றுநோயோடு வந்த பெண்களில், நோய் முற்றாத கட்டத்திலேயே வந்தவர்களின் பங்கு கூடியது. 1995-ல் இதை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். எண்ணப் போனவர்கள் பேசிய பேச்சு சில பெண்களைச் சீக்கிரம் கிளம்ப வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டிலும் 2003-ல் திண்டுக்கல் மாவட்டத்துக்கு அம்பிளிக்கையை மையமாக வைத்து ஒரு பதிவேடு தொடங்கியது. 2012-ல் மாநிலம் முழுவதையும் சேர்க்கும் திட்டம் வந்தது.

எண் கூடினால் நோய் கூடியதா?

தேடாமல் விட்டால் எண் குறையும் என்று பார்த்தோம். அளவுக்கு மீறித் தேடினால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியா உதாரணம். 1999-ல் அங்கே தேசியப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அந்தத் திட்டத்தில் இல்லை, ஆனால் கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்தால் கழுத்துக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம். பலர் எடுத்தார்கள். 2011-ல் தைராய்டு புற்றுநோய் வீதம் 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கு! தைராய்டு புற்றால் இறப்பவர்கள் வீதமோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சும்மா இருந்தால் ஒன்றும் செய்யாத சின்னக் கட்டிகளைத்தான் பெரும்பாலும் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதற்காக ஆயிரக்கணக்கானவர்கள் தைராய்டை அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டு, வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள். 2014-ல் மருத்துவர்கள் சிலர் வெளிப்படையாக எச்சரித்த பிறகுதான் அறுவை சிகிச்சைகள் குறைந்தன.

இப்போது நம் நாட்டு எண்ணுக்கு வருவோம். 2022-ல் இந்தியாவில் சுமார் 14.6 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். லட்சத்துக்கு 100 பேர். இது ஒவ்வொருவராக எண்ணி வந்த எண் இல்லை. பதிவேடுகள் இருக்கும் பகுதிகள் நாட்டின் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அவற்றை வைத்துப் போட்ட மதிப்பீடு இது.

அந்தப் பதிவேடுகளுக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். 2012 முதல் 2016 வரையிலான கணக்கில், வயது வித்தியாசத்தைச் சரிசெய்த பிறகு, மிசோரமின் ஐஸ்வால் மாவட்ட ஆண்களிடம் லட்சத்துக்கு 269.4. மகாராஷ்டிராவின் பீட், உஸ்மானாபாத் (2023 முதல் தாராசிவ்) மாவட்ட ஆண்களிடம் 39.5. ஐஸ்வாலில் புகையிலைப் பழக்கம் மிக அதிகம், அது பெரிய காரணம். இரண்டு இடத்திலும் ஒரே அளவுக்கு நோய் கண்டுபிடிக்கப்படுகிறதா என்பதையும் கேட்காமல் இருக்க முடியாது.

ஆகவே அடுத்த தடவை யாராவது உங்கள் ஊரில் கேன்சர் பெருகிவிட்டது என்றால் சண்டை போடாதீர்கள், சிரிக்கவும் வேண்டாம். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். நான்கு கேள்விகளை மட்டும் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேரில் எத்தனை பேர்? எல்லோரும் அந்த ஊர்க்காரர்களா? வயதைச் சரிசெய்தாயிற்றா? முன்பும் இப்போதும் ஒரே அளவுக்குத் தேடினார்களா? பதில் இல்லை என்றால் அவரோடு சேர்ந்து நாமும் ஒன்று கேட்கலாம்: எங்கள் மாவட்டக் கணக்கு எங்கே, யார் எழுதுகிறார்கள்?

ஆஸ்பத்திரியில் நோட்டும் பேனாவுமாக ஒருவர் வந்து, "எவ்வளவு நாளா இந்த ஊர்ல இருக்கீங்க? முதல்ல எங்க காட்டினீங்க?" என்று கேட்டால் எரிச்சல்படாமல் பதில் சொல்லிவிடுங்கள். அவர் அந்த மூன்று நர்சுகளின் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

உங்கள் ஊரில் இப்படிப் பதிவு நடக்கிறதா, யாராவது பார்த்திருக்கிறீர்களா? தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.